ஆய்வேடு ஷோத்கங்காவில் இருக்கிறது, கல்ச்சர் எங்கே?

தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியல் துறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் ஆய்வுத் தலைப்பு ஒன்று உண்டு: ‘இன்ன இடத்து மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்டுகளைப் பிரித்தெடுத்தலும், நோய்க்கிருமிகளுக்கு எதிரான அவற்றின் செயல்திறனை அறிதலும்’. இடத்தின் பெயர் மட்டுமே மாறும். பெங்களூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அது நந்தி மலையாகவோ, சாவனதுர்காவாகவோ, ஏதேனும் ஓர் ஏரிக்கரையாகவோ, குடகின் காப்பித் தோட்டமாகவோ இருக்கும்.

செயல்முறையும் அனைவரும் அறிந்ததே. மண் உலர்த்தப்படும், படிப்படியாக நீர்க்கப்பட்டு ஸ்டார்ச் கேசின் அகாரில் பரப்பப்படும். ஒரு வாரத்தில், சுண்ணப்பொடி தூவியது போன்ற காலனிகள் எழும். புதுமழைக்குப் பின் எழும் மண்வாசனை தட்டிலிருந்தே வீசும். அவற்றின் சாறு, ஸ்டஃபைலோகாக்கஸோ ஈ.கோலையோ பரப்பிய தட்டின் துளைகளில் இடப்படும். மறுநாள் துளையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தென்பட்டால், அதன் விட்டம் மில்லிமீட்டரில் அளக்கப்படும். 16எஸ் மரபணு வரிசை பெறப்பட்டு, மரபுக் கிளைப்படம் வரையப்பட்டு, கட்டுரை அச்சேறும். பட்டமும் கிடைக்கும்.

அதன்பின் அந்த உயிரி என்னவாகிறது என்பதைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. மாணவர் வேலைக்கோ மேலாய்வுக்கோ சென்றுவிடுகிறார். சாய்வு அகார்க் குழாய்களில் இட்ட கல்ச்சர்கள் துறையின் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உலர்கின்றன. அடுத்து வரும் மாணவர் புதிய மண்ணோடு முதலிலிருந்து தொடங்குகிறார். ஆய்வேட்டின் மின்னணுப் படியை ஷோத்கங்கா களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய நமது உயர்கல்வி முறை, அந்த ஆய்வேட்டின் ஒரே பொருட்சான்றான உயிரியைச் சேமிப்பகம் ஒன்றில் சேர்க்குமாறு கோரவில்லை. சொற்கள் நிலைபெறுகின்றன, அவை எதைப்பற்றிச் சொல்லப்பட்டனவோ அது மறைந்துவிடுகிறது. இந்தியாவில் மண்ணிலிருந்து புதிய ஆன்டிபயாடிக் தேடும் முயற்சி தட்டோடு நின்றுபோவதற்கு, நிதிப் பற்றாக்குறைக்கு நிகரான காரணம் இந்த மறதியே.

மண் இதுவரை தந்தவை யாவை என்பதை நினைவுகூர்ந்தால் இழப்பின் அளவு விளங்கும். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வு மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோயை வெல்லும் முதல் ஆன்டிபயாடிக் அதுவே. 1949-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர் அபெலார்டோ அகிலார் அனுப்பிய மண்ணிலிருந்து எரித்ரோமைசின் வந்தது. போர்னியோத் தீவிலிருந்து ஒரு மதப்பணியாளர் அனுப்பிய மண் வான்கோமைசினைத் தந்தது. இன்றும் காசநோய் மருத்துவத்தின் தூணாக விளங்கும் ரிஃபாம்பிசினின் மூல உயிரி பிரான்சின் மண்ணில் கிடைத்தது. 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசிய காசநோய் நிறுவனம் நாடு முழுவதற்கும் சிகிச்சைத் திட்டங்களை வகுக்க முடிந்ததற்குப் பின்னால், எங்கோ ஒரு வயலில் யாரோ அள்ளிய பிடி மண்ணும் இருந்தது.

இந்த வரலாற்றில் இந்தியரின் பங்கும் சிறிதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தின் ஆய்வு இயக்குநராக இருந்தபோதுதான், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினைப் பெஞ்சமின் டக்கர் அங்கே கண்டறிந்தார். 1948-இல் அம்மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். 1954-இல் புனே அருகே பிம்ப்ரியில், உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் துணைநிற்க, பொதுத்துறையில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் பிறந்த பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே. திருமலாச்சார் தம் குழுவினருடன் அங்கு ஹாமைசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தைக் கண்டறிந்தார். அதை உருவாக்கும் உயிரிக்கு ‘ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா’ என்று அவ்வூரின் பெயரே இடப்பட்டது. 1992-இல் மும்பை முலுண்டிலிருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையத்தினர், இந்திய மண்ணிலிருந்து பெற்ற பேசில்லஸ் பாக்டீரியா உருவாக்கும் மெர்சாசிடின் என்ற பெப்டைடை அறிவித்தனர். இவர்கள் தட்டில் வளையம் கண்டதோடு நிற்கவில்லை. உயிரியைப் பாதுகாத்தனர், பெருமளவில் வளர்த்தனர், சேர்மத்தைத் தூய்மைப்படுத்தி அதன் கட்டமைப்பை வகுத்தனர்.

வளையம் ஏன் போதாது என்பதற்கு எண்களே விடை கூறும். ஆக்டினோமைசீட்டுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பால்ட்ஸின் மதிப்பீட்டின்படி, மண்ணிலிருந்து எடுக்கும் ஆக்டினோமைசீட்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசினை உருவாக்கும். நூற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினை உருவாக்கும். டாப்டோமைசின் போன்ற அரிய மருந்தை உருவாக்கும் உயிரியோ கோடியில் ஒன்று என்ற அளவில்தான் கிடைக்கும். ஆகவே 50 காலனிகளைச் சோதிக்கும் மாணவருக்கு வளையம் கிடைப்பது வியப்பன்று, கிடைக்காவிட்டால்தான் வியப்பு. அந்த வளையத்துக்குக் காரணம் 80 ஆண்டுகளாக அறியப்பட்ட பழைய சேர்மமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ‘இது முன்பே அறியப்பட்டதா?’ என்று தொடக்கத்திலேயே சோதித்து விலக்கும் படியை ஆய்வாளர்கள் டீரெப்ளிகேஷன் என்பர். இந்தப் படியைக் கடக்காத வளையம், புதிய மருந்துக்கான சான்று ஆகாது.

மறுபுறம், மண்ணின் வளம் தீர்ந்துவிட்டது என்ற முடிவும் பிழையானது. 2002-இல் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலர் என்ற, பல்லாண்டுகள் ஆராயப்பட்ட உயிரியின் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது, அதுவரை அறியப்பட்ட சில சேர்மங்களுக்கு மாறாக, இருபதுக்கும் மேற்பட்ட சேர்மங்களை உருவாக்கவல்ல மரபணுக் கொத்துகள் அதில் இருப்பது தெரியவந்தது. ஆய்வகச் சூழலில் அவற்றுள் பல உறங்கிக் கிடக்கின்றன. மேலும், மண்ணில் நுண்ணோக்கியால் காணப்படும் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே வழக்கமான தட்டில் வளர்கிறது.

வளராதவற்றை வளர்க்க முயன்றவர்களுக்குப் பலன் கிட்டியிருக்கிறது. 2015-இல் கிம் லூயிஸ், ஸ்லாவா எப்ஸ்டைன் ஆகியோரின் குழுக்கள், பாக்டீரியாக்களை நுண்துளைகளில் அடைத்து மீண்டும் மண்ணிலேயே புதைத்து வளர்க்கும் ஐசிப் என்ற கருவியின் வழியாக டெய்க்ஸோபாக்டினைக் கண்டனர். அதற்காக அவர்கள் சோதித்த உயிரிகள் 10,000. 2025-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரி ரைட்டின் குழு லாரியோசிடினை அறிவித்தது. அதன் மூல உயிரி கிடைத்தது ஹாமில்டன் நகரில் ஒரு வீட்டின் கொல்லைப்புற மண்ணில். அம்மண்ணின் பாக்டீரியாக்களை ஏறத்தாழ ஓராண்டு மெல்ல வளரவிட்டதே அவர்கள் செய்த புதுமை. ஏழு நாளில் வளராத காலனியைக் குப்பையில் இடும் நமது ஆறுமாத முதுகலைத் திட்டங்களில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒரு மாணவர் தொடங்கியதை இன்னொருவர் தொடர வகை செய்தால் ஓராண்டும் அரிதன்று, பத்தாண்டும் அரிதன்று. தொடர்வதற்குக் கல்ச்சர் உயிருடன் இருக்க வேண்டும்.

இங்குதான் உயிரியல் ஒரு கண்டிப்பான நிபந்தனையை விதிக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசஸின் குரோமோசோம் வட்ட வடிவமன்று; நீண்ட இழை. அதன் இரு முனைகளும் எளிதில் சிதைந்து பெரும் பகுதிகளை இழக்கும். ஆன்டிபயாடிக்கை உருவாக்கும் மரபணுக் கொத்துகள் பலவும் அம்முனைப் பகுதிகளை ஒட்டியே அமைந்துள்ளன. எனவே குளிர்பதனப் பெட்டியில் வைத்து மாதந்தோறும் புதுத் தட்டுக்கு மாற்றப்படும் கல்ச்சர் உயிரோடு இருப்பதாகத் தோன்றினும், அதன் திறனை இழந்திருக்கக்கூடும். ‘முதலில் வளையம் வந்தது, இப்போது வரவில்லை’ என்ற, ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். மருந்து எளியது: தூய்மைப்படுத்திய முதல் வாரத்திலேயே கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பது, அல்லது உறைநிலையில் உலர்த்தி ஆம்பூலில் அடைப்பது. ஒரு ஆம்பூல் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். மாணவரால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.

இவற்றைச் செய்து காட்டுவதற்கு பெங்களூரை விடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் அரிது. வடபுறத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகமும், அதை ஒட்டி தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சி-கேம்ப் நிறுவனமும் உள்ளன. சற்றுத் தெற்கே 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் உள்ளது. ஜி.கே.வி.கே.யின் நெடுங்கால உரப் பரிசோதனை வயல்கள் நுண்ணுயிரியலாளருக்குக் கிடைத்த பேறு. ஒரே செம்மண், பல்லாண்டுகளாகப் பதிவுசெய்யப்பட்ட வெவ்வேறு பராமரிப்பு. ஆரியோமைசினின் மூல உயிரி கிடைத்ததும் மிசௌரி பல்கலைக்கழகத்தின் இத்தகையதொரு நெடுங்காலப் பரிசோதனை வயலில்தான். மேலும் நகரின் திறந்த மண் ஆண்டுதோறும் கான்கிரீட்டின் அடியில் மறைந்துவருகிறது. இன்று எடுத்து உறையவைக்காத மண்ணைப் பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தில் எடுக்க இயலாமல் போகலாம்.

அறிவும் இந்நகரில் உண்டு. ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் காசநோய் உள்ளிட்ட தொற்றுநோய்களுக்கான ஆய்வு மையத்தை பெங்களூரில் நடத்திவந்தது. 2014 ஜனவரியில் அதன் ஆய்வுப் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. அங்கிருந்து வெளிவந்த ஆய்வாளர்கள் அதே ஆண்டில் தொடங்கிய பக்வொர்க்ஸ் நிறுவனம், கார்ப்-எக்ஸ் என்ற பன்னாட்டு நிதியமைப்பின் ஆதரவைப் பெற்று, தன் சேர்மம் ஒன்றை மனிதரிடையேயான முதற்கட்டச் சோதனைவரை கொண்டு சென்றது. அச்சேர்மம் வேதியியலாளர் வடிவமைத்தது; மண்ணில் பிறந்ததன்று. எனினும் ஒரு மூலக்கூறை ஆய்வகத்திலிருந்து நோயாளியின் படுக்கைவரை கொண்டுசெல்லும் வழியறிந்தோர் இந்நகரில் வாழ்கின்றனர் என்பதற்கு அது சான்று. சில கிலோமீட்டர் தொலைவில் மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கும் முதுகலை மாணவரும் இவர்களும் சந்திப்பதற்கான வாயில் இல்லை என்பதே குறை.

அந்த வாயிலைத் திறக்க மாபெரும் திட்டம் தேவையில்லை. நான்கு விதிகள் போதும்.

முதலாவது, வளையம் காட்டியதாக ஆய்வேட்டில் குறிப்பிடப்படும் ஒவ்வோர் உயிரியும், ஆய்வேடு ஒப்படைக்கப்படும் முன் ஒரு சேமிப்பகத்தில் சேர்க்கப்பட வேண்டும். சண்டிகரில் 1986-இல் தொடங்கிய எம்.டி.சி.சி. உள்ளது, புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம் உள்ளது. இவற்றுக்கு அனுப்பும் முன் சேர்த்துவைக்க, பெங்களூரில் ஒரு வட்டாரச் சேமிப்பகம் அமையலாம். ஆய்வேடு ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இன் ஒழுங்குமுறையில் நீக்கிவிட்டது. தரமற்ற இதழுக்குக் கட்டணம் செலுத்திப் பெற்ற ஏற்புக் கடிதத்தின் இடத்தில், கல்ச்சர் ஒப்படைப்புச் சான்றிதழ் அமர்வது பொருத்தமானது.

இரண்டாவது, டீரெப்ளிகேஷனுக்குப் பொதுவான ஒரு கூடம் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்க இயலாது, வாங்கவும் தேவையில்லை. கல்லூரிகள் உலர்ந்த சாற்றை அனுப்ப, பெருநிறுவனம் ஒன்று அளந்து தரலாம். ஒப்பிடுவதற்கான ஜி.என்.பி.எஸ்., மரபணுக் கொத்துகளைக் கண்டறியும் ஆன்டிஸ்மாஷ் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் ஜோ ஹேண்டல்ஸ்மன் தொடங்கிய டைனி எர்த் திட்டம், இளநிலை மாணவர் பலர் மண்ணிலிருந்து எடுத்த உயிரிகளை விஸ்கான்சினின் பொது வேதியியல் மையத்தோடு இணைக்கிறது. அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. அதன் தருக்கத்தை ஏற்றால் போதும்.

மூன்றாவது, ‘இது பழைய சேர்மம்’ என்ற விடையும் முழுமையான ஆய்வு முடிவாக ஏற்கப்பட வேண்டும். அவ்விடை தோல்வியாகக் கருதப்படும்வரை, அச்சோதனையைச் செய்யாமல் விடுவதே மாணவருக்கும் நெறியாளருக்கும் பாதுகாப்பான வழியாக இருக்கும். பழைய சேர்மமும் எப்போதும் பயனற்றதன்று. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட ஸ்ட்ரெப்டோத்ரிசினின் ஒரு வடிவத்தை, மருந்தெதிர்ப்புக் கிருமிகளுக்கு எதிராக மீளாய்வு செய்த முடிவுகள் 2023-இல் வெளியாயின.

நான்காவது, சேமிப்பகத்தின் ஒவ்வோர் எண்ணோடும் அதைப் பிரித்தெடுத்த மாணவரின் பெயரும், மண் எடுத்த இடம், நாள், ஆழம் ஆகியனவும் பதிவாக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952-இல் நோபெல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதைக் கண்டறிந்த 23 வயது மாணவர் ஷாட்ஸ், தம்மை இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கச் செய்ய 1950-இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 20 ஆண்டுகள் கழித்து ஓர் உயிரி மருந்தாகுமானால், அதை முதலில் ஊசியால் தொட்டெடுத்தவர் யார் என்பதற்கு நீதிமன்றம் தேவைப்படக் கூடாது.

இதற்கு எழும் மறுப்புகளும் புறந்தள்ளத் தக்கவையல்ல.

கல்ச்சரைப் பொதுச் சேமிப்பகத்தில் வைத்தால் பிறர் கவர்ந்துவிடுவர் என்ற அச்சம் முதலாவது. எரித்ரோமைசினுக்கு மண் அனுப்பிய அகிலார் உரிமைத்தொகை எதுவும் பெறாமலே மறைந்தார். ஆகவே அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அதற்கான காவல் இன்று சட்டத்தில் உண்டு. 2002-இன் உயிரினப் பல்வகைமைச் சட்டமும், சென்னையில் இயங்கும் தேசிய உயிரினப் பல்வகைமை ஆணையமும் இந்திய உயிரிவளத்தின் பயனைப் பகிர்வதற்கான நெறிகளை வகுத்துள்ளன. காப்புரிமை கோருவோர் கல்ச்சரை ஒப்படைக்க, புடாபெஸ்ட் உடன்படிக்கையின் ஏற்பைப் பெற்ற சேமிப்பகங்கள் சண்டிகரிலும் புனேயிலும் உள்ளன. எந்தச் சட்டமும் காக்க இயலாத ஒன்று, குளிர்பதனப் பெட்டியில் செத்துப்போன கல்ச்சர்.

கணினியே மூலக்கூறுகளை முன்னுரைக்கும் காலத்தில் மண்ணைக் கிண்டுவது பழமை என்பது இரண்டாவது மறுப்பு. இலக்கை முன்வைத்து வேதிச் சேர்மங்களைச் சலித்த வழியின் அனுபவம் அடக்கத்தைக் கற்பிக்கிறது. கிளாக்ஸோஸ்மித்க்லைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை நடத்திய 70 பெருந்தேடல்களில் கிடைத்த முன்னோடிச் சேர்மங்கள் 5 மட்டுமே. கணினி கற்பதற்கும் தரவு வேண்டும். பெயர், இடம், மரபணு வரிசை, சேர்மம் ஆகியன இணைந்த இந்திய உயிரித் தொகுப்பு இல்லாத நிலையில், அது பிறநாட்டு மண்ணைப் பற்றியே கற்கும்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது: கண்டுபிடித்தாலும் யார் வாங்குவர்? பிளாஸோமைசினை உருவாக்கிய அக்கேஜன் நிறுவனம் 2018-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்று, 2019-இல் திவாலானது. புதிய ஆன்டிபயாடிக்கை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்ற மருத்துவ அறமே அதன் விற்பனையைக் குறைக்கிறது. இதை மாணவரால் தீர்க்க இயலாது. அரசுகள்தாம் கொள்முதல் முறையை மாற்ற வேண்டும். ஆயினும் சந்தை சீராகும் நாளில் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும். சேமிப்பகத்தின் செலவு மருந்துச் சோதனையின் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று. இழந்த உயிரியை மீண்டும் பெறும் விலையோ கணக்கிட இயலாதது.

தாமதத்தின் விலையை வேறு சிலர் செலுத்திக்கொண்டிருக்கின்றனர். 2019-இல் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் உலகில் நேரடியாக இறந்தோர் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளிடையே நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், இரத்தத் தொற்றுக்குக் காரணமான அசினிட்டோபாக்டர் கிருமிகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. இக்குழந்தைகளுக்கு உதவும் மூலக்கூறு ஏதேனும் ஒரு துறையின் தட்டில் ஏற்கெனவே ஒருமுறை வளையம் வரைந்துவிட்டு மறைந்திருக்கக்கூடும். இல்லை என்று உறுதிகூற எவராலும் இயலாது. ஏனெனில் சோதித்துப் பார்க்க அந்த உயிரி இல்லை.

துணைவேந்தர்களும் மானியக் குழுவும் விதி வகுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வியைக் கேட்கும் அதிகாரம் இன்றே உண்டு. வளையத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டது போதும். “கல்ச்சர் எங்கே, அதன் சேமிப்பக எண் என்ன?” என்று நாலு பேர் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு மாணவர் முதல் வாரத்திலேயே கிளிசராலைத் தேடுவார்.